ஏணி இல்லாத பரமபதம்

லுக்குட் ஊரில் கடை வைத்திருக்கும் அன்பு மச்சான் மாயாண்டிக்கு, ராசா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து சன்னாசி எழுதுவது. இங்கே உன் அக்கா முத்தாயியும் உன் மருமகள் செல்லமும் நானும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் நடமாடுகிறோம். உங்கள் வீட்டிலும் அந்தக் கிழங்குக்குக் குறை வராமல் முருகன் காப்பாற்றட்டும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இதை உன் அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் ஒளிந்திருந்து எழுதுகிறேன். இருக்கிற ஒரே வேட்டியில் மாவுக்கூழ் கொட்டிவிட்டது, கொடியில் காய்கிறது. நிறம் எனக்கு எடுப்பாக இருக்கிறது என்று உன் அக்காவே சொல்கிறாள். கடையில் சொல்லிச் சிரிக்காதே.

நம் செல்லத்துக்கு நல்லசாமியைப் பேசியிருப்பது உனக்குத் தெரியும். சயாம் ரயில் ரோடு போட ஆள் பிடிக்க ஜப்பான்காரன் லாரி மறுபடி வருகிறதாம், கல்யாணம் ஆனவனைக் கொஞ்சம் விட்டுவைக்கிறார்கள் என்று எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சொல்கிறார். அதற்குள் தாலி ஏறிவிட வேண்டும் என்று நாங்கள் தவித்தால், பையனின் அப்பா கணேசமூர்த்தி அசைந்தால்தானே? ராசாவில் பஜனை நடத்துகிற மனிதர். "தாயக்கட்டம் போடுற வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். பாண்டவங்களக் காட்டுக்கு அனுப்பின சனியன்" என்று ஊரறியச் சொன்னவர். நம் வீட்டு முன்வாசல் சிமெண்டில் சுண்ணாம்பால் போட்ட கட்டம் எப்பேர்ப்பட்டது என்று நீயே தோற்றுப் பார்த்திருக்கிறாய்.

இன்று மத்தியானம், டயருக்குப் பதில் கயிறு சுற்றின சைக்கிள் கடகடவென்று வருகிறது. பார்த்தால் அவர்தான். அழிக்க நேரமில்லை. உன் அக்கா மரவள்ளி மாவுக்கூழைத் தொட்டுக் கட்டத்தின் மேலேயே வளைத்து வளைத்துப் பாம்பு வரைந்துவிட்டாள், அந்த அவசரத்தில்தான் என் வேட்டி போனது, நானும் கதவுக்குப் பின்னால் போனேன். அவர் குனிந்து பார்த்தார். "பரமபதமா? பேஷ். அது பெருமாள் விளையாட்டு. இந்தப் பெருக்கல் குறியெல்லாம் என்னம்மா?" "புண்ணியத் தலம் அண்ணே" என்றாள், கண்ணைச் சிமிட்டாமல்.

உட்கார்ந்தார் மனுஷன். தாயம் என்ற வார்த்தையை வாயால் சொல்ல மாட்டாராம், புளியங்கொட்டையைக் குலுக்கிக் குலுக்கி "பெருமாளே, ஒன்னு" என்கிறார். போன இடமெல்லாம் பாம்பு கொத்துகிறது. கடைசியில், "என்னம்மா, ஒரு ஏணியக்கூடக் காணோம்?" என்றார். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது, ஏணி போட மறந்துபோனோம். உன் அக்கா தயங்கவில்லை. "ஜப்பான்காரன் காலத்துல ஏணிய எங்க அண்ணே பாத்தீங்க?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். லாரி வருகிற ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். மகனை நினைத்தார் போலிருக்கிறது. செல்லம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், மடக்கென்று குடித்தார். பிறகு கூழில் விரலைத் தொட்டு, அடிக் கட்டத்திலிருந்து உச்சிவரை தாமே ஓர் ஏணி இழுத்தார். "இது கல்யாண ஏணி. நாமதான் போடணும்லா. வர்ற வெள்ளிக்கிழமையே வெச்சிக்கலாம்" என்றார். கதவுக்குப் பின்னால் நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சேலையில் அந்த வசதி இருக்கிறது.

ஆகவே மச்சான், தாய்மாமன் நீ இல்லாமல் பந்தல் நிற்காது. வியாழனே வந்துவிடு. வெறுங்கையோடு வந்தாலும் சந்தோஷம், ஒரு வேட்டியோடு வந்தால் இன்னும் சந்தோஷம். உன் பிள்ளைகள் சோறு கண்டு வளரட்டும்.

இப்படிக்கு,
சேலைக்குள்ளிருந்து
சன்னாசி

பின்குறிப்பு: இதை மடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ஆடு வந்து பாம்பு, ஏணி எல்லாவற்றையும் நக்கிவிட்டது. சுண்ணாம்புக் கட்டம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. இன்னும் வாசலில் ஆடிக்கொண்டிருந்த சம்பந்தி அதைப் பார்த்தார், உன் அக்காவைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். தாயம் போடும்மா, உன் ஆட்டம்" என்றார். அவர் காயாக வைத்திருந்த கிழங்குத் துண்டையும் ஆடு தின்றுவிட்டது. வேறு துண்டு நறுக்குகிறார்கள்.