அப்பா துடைத்த மூன்று புள்ளிகள்

ஃபோன் அடித்தால் எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. டெக்னிகல் சப்போர்ட்டில் சில வருடங்கள் குப்பை கொட்டியதன் பலன். (பக்கத்து வீட்டு ஃபோன் அடித்தால்கூட என் கை எழுந்துவிடும்.) இந்த வியாதிதான் பேகம்பேட் ஆபீஸில் என் மானத்தை வாங்கியது.

எங்கள் கம்பெனியின் ஆப்பில் எங்கேயாவது மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். எதைத் தொட வேண்டும் என்று நான் வழி சொல்வேன். கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகிவிட்டது. அதே கம்பெனியில் ஆப்பின் திரைகளை வடிவமைக்கும் டிசைன் டீமில் ஓர் இடம் காலியானதும், இதை விட்டால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று விண்ணப்பித்தேன். கடைசிச் சுற்றில், நான் வடிவமைத்த மருத்துவமனை ஆப்பை, அதைப் பார்த்தே இராத ஒருவர் பயன்படுத்த வேண்டும். நான் அடுத்த அறையில் தேர்வுக் குழுவோடு உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்க்கலாம். உதவி மட்டும் செய்யக் கூடாது.

அப்பாவை அழைத்துப் போனேன். மௌலா அலியில் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையும் கர்ச்சீப்புமாக, அவருக்கே இன்டர்வியூ என்பதுபோல் கிளம்பினார்.

டாக்டரைப் பார்க்கும் தேதியை மாற்ற வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. அந்த வசதியை நான் மேல் மூலையில் மூன்று குட்டிப் புள்ளிகளுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். (அழகாக இருக்கட்டுமே என்றுதான். பெரிய கலைஞர் என்று நினைப்பு.) அப்பா அவர்கள் கொடுத்த டேப்லெட்டின் திரையை உற்றுப் பார்த்தார். கர்ச்சீப்பால் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு சாவகாசமாகத் தன் ஃபோனை எடுத்து, வீட்டில் டிவி மக்கர் செய்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார்.

என் கைப்பை அலறியது. எடுக்காதே என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் கை எடுத்துவிட்டது.

"வணக்கம், சொல்லுங்க, என்ன பிரச்சனை?" (பெற்ற அப்பாவிடம்!)

"தேதி மாத்த வழியே காணோம்மா."

"மேல வலது பக்கம் மூணு புள்ளி தெரியுதாப்பா?"

"அது தூசிம்மா. தொடச்சுப் பார்த்துட்டேன், போக மாட்டேங்குது."

"தூசி இல்லப்பா, அதைத் தொடுங்க... ம், இப்ப தேதி வருதா? வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இங்க ஏசி ஜாஸ்தியா இருக்கு. கொறைக்கச் சொல்லு."

ஃபோனை வைத்த பிறகுதான் குழு முழுக்க என்னையே பார்ப்பது உறைத்தது. தெலுங்குக்காரர்கள், தமிழ் தெரியாவிட்டாலும் நடந்தது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வேலை போச்சு என்று அழுகை முட்டியது. குழுத் தலைவி வசுந்தரா மேடம் சிரிக்காமல் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்க அப்பாவுக்கு நீங்க இருக்கீங்க. மத்தவங்க யாரைக் கூப்பிடுவாங்க?"

"எங்களைத்தான், மேடம். நாள் முழுக்க," என்றேன்.

"அந்தப் புள்ளிகளை எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க," என்றார் மேடம்.

அடுத்த வாரம் மாரெட்பள்ளி அத்தை வந்தார். 'தேதியை மாற்ற' என்று கொட்டை எழுத்தில் பட்டன் போட்டிருந்தேன். தொட்டார், மாற்றினார், எழுந்து வந்துவிட்டார். என் ஃபோன் வாய் திறக்கவில்லை. வேலை கிடைத்தது.

இன்றும் டீமில் யாராவது புதுத் திரையைக் காட்டினால், இன்னொருவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் காதருகே வைத்து, "அங்கிள் ஃபோன் பண்ணுவாரா?" என்பார். வீட்டில் அந்தக் கேள்விகூடக் கிடையாது. நான் புதிதாக எதைக் காட்டினாலும், அப்பா பேசாமல் கர்ச்சீப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார். அது மறுபடி பாக்கெட்டுக்குள் போகும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.