ஒன்றும் கெடாத மாதத்துக்குக் காசு

கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் அதன் சொந்தக்காரருக்கு வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தொக்தேர்.

தொக்தேர் என்றால் பிரெஞ்சில் டாக்டர். நெல்லித்தோப்பில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் புரோட்டாக் கடைக்கும் நடுவே அவருடைய ரிப்பேர் கடை இருந்தது. தொக்தேர் என்று பெயர் வைத்தது எங்கள் முதலாளியம்மா. அவரை நாங்கள் மதாம் என்போம். பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழிலும் தமிழ்க் காகிதங்களைப் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்துக் கொடுப்பது எங்கள் ஆபீஸ் வேலை. புதுச்சேரியில் இந்தத் தொழில் படுக்கவே படுக்காது. பாதிப் பேருக்குப் பிள்ளை பிரான்சில் இருப்பான், மீதிப் பேருக்குப் பென்ஷன் அங்கிருந்து வரும்.

முதல் தடவை வந்தபோது தொக்தேர் சிபியூவைத் திறக்கவே இல்லை. தரையில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "மூச்சு இருக்குது மதாம், பொழச்சிக்கும்" என்றார். கெட்ட செய்தி எதுவும் இல்லையே என்று நாங்கள் நிம்மதிப்பட்டபோது, அவர் முகத்தில்தான் சின்னதாக ஒரு ஏமாற்றம்.

ஏமாற்றம் நியாயமானது. பொருள் கெட்டால்தான் அவருக்குக் கூலி. அதனால் அவருடைய நல்ல காலமும் எங்களுடைய நல்ல காலமும் எப்போதும் எதிரெதிராகவே இருந்தன. கீபோர்டு பக்கத்தில் நான் டீயை வைத்தால், "இன்னும் கொஞ்சம் கிட்ட வெச்சிக்கிங்க சார், எடுக்க வசதியா இருக்கும்" என்பார். இடி இடித்தால் அவர் கடை வாசலில் வந்து நின்று வானத்தை அன்போடு பார்ப்பார் என்று புரோட்டாக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆனால் எதையும் அவர் கையால் கெடுத்ததில்லை. அந்த விஷயத்தில் தங்கமான மனிதர்.

எங்கள் ஆபீசில் அடிக்கடி படுத்தது செல்வியின் கம்ப்யூட்டர். செல்வி எங்கள் டைப்பிஸ்ட். அவளுடைய கீபோர்டு கேபிள் வாரம் தவறாமல் தானாகவே கழன்றுகொள்ளும். தொக்தேர் நெல்லித்தோப்பிலிருந்து வண்டியில் பறந்து வந்து, அதை மறுபடி சொருகுவதற்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். மதாம் காசு கொடுப்பார். இதில் ஏதோ இருக்கிறது என்று மதாமைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

செல்வியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாரம் பகுதியில் வீடு. இப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதாக அவர் வருஷா வருஷம் பிரான்சுக்குத் தாள் அனுப்ப வேண்டும். அதை எழுதி வாங்க எங்களிடம்தான் வருவார். மாதம் பிறந்தால் வருவதுதான் காசு, மற்றதெல்லாம் காற்றில் பறந்து வந்த காகிதம் என்பது அவர் கட்சி.

தொக்தேர் பெண் கேட்கப் போனபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சொல்தா கேட்டது ஒரே கேள்விதான்.

"மாசம் எவ்ளோ வரும்?"

"அது என்னென்ன கெட்டுப்போவுதுன்றதைப் பொறுத்து ஐயா."

"ஒண்ணும் கெட்டுப்போவலன்னா?"

தொக்தேர் என்னைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன்.

"தை வரைக்கும் டைம் தரேன். மாசா மாசம் வருதுன்னு காட்டு. அப்புறம் பேசலாம்" என்று சொல்தா எழுந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் தொக்தேர் வண்டியை நிறுத்திவிட்டு மிகுந்த துக்கத்தோடு சொன்னார்: "அவரு உசுரோட இருந்தா அவருக்குக் காசு வருது சார். எனக்கு ஏதாவது செத்தாத்தான் வருது."

அன்றைக்கு யோசித்துக் கண்டுபிடித்ததுதான் மாதச் சந்தா. மாதம் ஒரு தொகை கொடுத்துவிட்டால் போதும், எத்தனை தடவை கெட்டாலும் தனிக்கூலி கிடையாது. மதாம் உடனே சேர்ந்தார். கேபிள் சொருகியே சொத்து கரைகிறது என்ற கவலை அவருக்கு. சாரத்து அரிசி மண்டிக்காரர் பேரம் பேசிச் சேர்ந்தார், கூடவே வீட்டு மிக்சியையும் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்னும் பல கடைகள் சேர்ந்தன.

அதோடு பழைய தொக்தேர் ஒழிந்தார். இப்போது எது கெட்டாலும் நஷ்டம் அவருக்கு. மாமியார் சமையல்கட்டுக்குள் நுழைகிற மாதிரி ஆபீசுக்குள் நுழைவார். என் டீயை ஜன்னல் விளிம்புக்குக் கடத்தினார். என் மேசையில் பிஸ்கோத்துத் தூளை விரலால் தொட்டுப் பார்த்து, "படிச்சவருதான நீங்க? இந்த மெஷின் மேல குந்தித் துன்றீங்களே" என்றார். வானம் லேசாகக் கறுத்தால் மதாமுக்குப் போன் வந்துவிடும்: "மதாம், எல்லா பிளக்கையும் புடுங்கிடுங்க." நல்ல வெயில் அடிக்கும்போதும் ஒரு தடவை இதைச் சொன்னார். கேட்டதற்கு, கடலூரில் கறுத்திருக்கிறதாம்.

இன்னொன்றும் நடந்தது. சந்தா தொடங்கிய நாளிலிருந்து செல்வியின் கேபிள் ஒரு தடவைகூடக் கழலவில்லை. தொக்தேரின் பெட்ரோல் செலவை அவள் மிச்சப்படுத்துகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். மதாம் மட்டும், "மெஷின் தானா சரியாயிடுச்சு பாரு" என்று பூரித்துப்போனார்.

கார்த்திகையில் புயல் வந்தது. ஊரே தண்ணீரில் நின்றது. பழைய கணக்குப்படி தொக்தேருக்கு அது தீபாவளியாக இருந்திருக்க வேண்டும். இந்த வருஷமோ மனிதர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு விடிகாலையிலிருந்து கடை கடையாக அலைந்தார். எல்லா சிபியூவையும் மேசை மேல் ஏற்றினார். அரிசி மண்டியில் மேசையும் நனையும் போலிருந்ததால் அங்கிருந்த சிபியூவைப் பாலிதீனில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார். சொல்தா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனார். வாசல்படியில் நின்ற வருங்கால மாமனாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கவனமெல்லாம் தலையிலிருந்த பெட்டியின் மேல். சொல்தாவுக்கு மகா கோபம்.

புயல் ஓய்ந்தது. சந்தாக்காரர்களின் கம்ப்யூட்டர் ஒன்றுகூடக் கெடவில்லை. அங்கேதான் வினையே ஆரம்பித்தது. "இந்த மாசம் ஒண்ணுமே ஆவலியே, எதுக்குக் காசு?" என்று ஒவ்வொரு கடையாகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு இப்படி ஒரு தண்டனை. தைக்கு அதிக நாள் இல்லை. தொக்தேர் ஒரு சுற்று இளைத்துப்போனார். செல்வி தலை நிமிராமல் டைப் அடித்தாள். எனக்கு மனசே சரியில்லை.

மார்கழியில் ஒரு காலை. உயிரோடு இருக்கும் தாளுக்காக சொல்தா எங்கள் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். மகனின் பிரான்ஸ் படிப்புக் காகிதங்களோடு மண்டிக்காரரும் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துச் சந்தா வாங்க தொக்தேர் உள்ளே வந்தார். மண்டிக்காரர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து வேணாம்பா. ரெண்டு மாசமா சும்மா குடுக்குறேன். கெட்டா கூப்புடுறேன், அப்ப வா."

செல்வியின் கீபோர்டுச் சத்தம் நின்றது. தொக்தேர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். இத்தோடு கல்யாணமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சொல்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ் மண்டி. நான் துப்பாக்கி தூக்கினது எந்தக் காலம்?"

"அது... ரொம்ப வருசம் இருக்குமே."

"இப்ப எவனைச் சுடுறேன்? சாரத்துல குந்திக்கினு மீன் கொழம்பு துன்றேன். பிரான்சுக்காரன் மாசா மாசம் அனுப்புறான். 'என்னா முசே, இந்த மாசம் சண்டையே வரலியே, எதுக்குக் காசு'ன்னு ஒரு நாளு கேட்டிருக்கானா?"

"பென்ஷன் வேற, இது வேறங்க."

"என்னா வேற? உன் பொட்டிய இவன் தலையில வெச்சித் தூக்கிக்கினு போனான். வாசல்ல நான் நிக்கிறேன், என்னைக்கூடப் பாக்கல. பொண்ணு குடுக்கப்போறவனைவிட உன் பொட்டி பெருசாப் போச்சு அவனுக்கு. நீ இன்னான்னா சும்மா குடுத்தேன்றியே."

மண்டிக்காரர் பர்ஸை எடுத்தார். ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. 'பொண்ணு குடுக்கப்போறவன்' என்ற இடத்திலேயே நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். சொல்லிவிட்டோம் என்பது சொல்தாவுக்கே அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "செல்வி, தையில முகூர்த்தம் எப்ப இருக்குதுன்னு அம்மாவைப் பாக்கச் சொல்லு" என்றார். மதாம் மட்டும் திகைத்துப்போய் என்னிடம் கிசுகிசுத்தார்: "யாருக்கு முகூர்த்தம்?"

கல்யாணம் ஜோராக நடந்தது. கழன்ற கடைகளில் பாதி திரும்பி வந்தன. மாமனார் ஒவ்வொரு கடையாகப் போய் உட்கார்ந்து பென்ஷன் கதையைச் சொன்னதாகக் கேள்வி.

இப்போதும் தொக்தேர் சனிக்கிழமை தோறும் வருகிறார். செய்வதற்கு ஒரு வேலையும் இருக்காது. ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்பார், என் பிஸ்கோத்துக்கு ஒரு திட்டுத் திட்டுவார், தள்ளி உட்கார்ந்து டீ குடிப்பார், போய்விடுவார். அவர் வந்துபோன பிறகு கம்ப்யூட்டர்கள் எப்போதும்போலத்தான் ஓடுகின்றன. நாங்கள்தான் கொஞ்சம் நன்றாக ஓடுகிறோம்.