மூக்கண்ணன் கேஸ் மாட்டிய நீட்டுக் கார்

வருகிற வாடிக்கையாளரையெல்லாம் அவமானப்படுத்திவிட்டு, அப்புறமும் வருடக்கணக்கில் தொழில் நடத்திய மனிதர் புதுக்கோட்டை மாவட்டத்தில் மூக்கண்ணன் ஒருவர்தான். அதே வழியில் போன மற்றவர்கள் ஆறு மாதத்தில் கடையை மூடியிருக்கிறார்கள்.

திருமயம் ரோட்டில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. பெட்ரோல் கார்களுக்கு கேஸ் கிட் மாட்டுவது தொழில். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. கேஸ் கசிகிறதா என்று பார்க்க மற்ற மெக்கானிக்குகள் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று காத்திருப்பார்கள். இவர் மூக்கை வைப்பார். இரண்டு இழுப்பு. "சுத்தம். கெளம்புங்க." அவ்வளவுதான். சோப்பு நுரையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "அது மூக்கு இல்லாதவன் பொழப்பு. நான் என்ன துணியா தொவைக்கிறேன்?"

அந்த மூக்கு கேஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனைவியோடு வந்த ஒரு பேங்க் மேனேஜரைப் பார்த்து, "காலையில ரெண்டு, வர்ற வழியில ஒண்ணு. மூணு சிகரெட் ஆச்சு. கேஸ் வண்டியில இதெல்லாம் ஆகாது சார்" என்றார். சிகரெட்டை விட்டு நாலு வருடமாகிறது என்று வீட்டில் சத்தியம் செய்திருந்தவர் அந்த மேனேஜர். அந்த அம்மா காரில் ஏறவில்லை. டவுன் பஸ் பிடித்துப் போனார். ஏ.சி.யில் நாற்றம் என்று வந்த ஹெட்மாஸ்டரிடம், "ஏ.சி. நல்லாத்தான் இருக்கு. சீட்டுக்கு அடியில மீமிசல் கருவாடு இருக்கு, எடுங்க" என்றார். இருந்தது. தன்னைச் சுத்த சைவம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் அவர்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். குளத்தூர் தாலுகா ஆபீசுக்கு நான் தினமும் போய்வரும் கார், என் மாமனார் இறக்கும்போது மகளுக்கு விட்டுப்போனது. டிக்கி தனியாக இல்லாமல், கூரை கடைசிவரை நீண்டு ஓடும் ஸ்டேஷன் வேகன். தெருவில் அதற்கு நீட்டுக் கார் என்று பெயர். பெட்ரோலை அது குடித்த வேகத்தைப் பார்த்துப் பயந்துதான், மனைவி வசந்தாவையும் கூட்டிக்கொண்டு மூக்கண்ணனிடம் போனேன்.

அவர் காரைப் பார்க்கவில்லை. என்னை முகர்ந்தார்.

"உப்புமா. அதுவும் அடிபுடிச்ச உப்புமா."

வசந்தா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அப்புறம்தான் காரைச் சுற்றி வந்தார். "டேங்க் பின்னாடிதான் வைக்கணும். வால்வுக்கு இறுக்கமா ஒரு பொட்டி, அதுலேருந்து ஒரு குழாய். தரையில ஓட்டை போட்டு வெளிய விடணும்."

"எங்கப்பா வண்டியில ஓட்டையா?" என்றாள் வசந்தா. "மத்த காருக்கெல்லாம் இப்படியா போடுறீங்க?"

"மத்த காருக்கு டிக்கி தனிம்மா. இதுல டிக்கியும் ஆளும் ஒரே ரூமு. கேஸு காத்தைவிடக் கனம். கசிஞ்சா கீழயே படுத்துக்கெடக்கும். ஒரு பொறி போதும்."

"நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

"தாராளமாப் பாருங்க. ஓட்டை போடாம மாட்டித் தர்றவன் திருச்சி வரைக்கும் இருக்கான். பின் சீட்டுல யாரு ஒக்காருவான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

பின் சீட்டில் உட்காருவது எங்கள் மகள். வசந்தா கார் சாவியை அவரிடம் நீட்டினாள்.

ஓட்டை போட்டார். போட்டதும் காருக்கு அடியில் படுத்து, அதன் வழியாக ஒரு விரலை உள்ளே நீட்டினார். என் மாமனார் துடைத்துத் துடைத்து வைத்திருந்த காரின் தரையில் கரிய விரல் ஒன்று முளைத்து ஆடியது. "பாருங்க, அடைப்பு இல்ல" என்று கீழேயிருந்து குரல் வந்தது. வசந்தா அழுதுவிட்டாள். வேலை முடிந்தும் அவர் சாவியைத் தரவில்லை. "ஆர்.சி. புக்குல ஏறாத கேஸு, குண்டு. ஏத்திட்டு வாங்க, தாரேன்." ஆர்.டி.ஓ. ஆபீஸ் முத்திரை விழும்வரை நான் குளத்தூருக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டோம், அந்த மூக்கை நம்பி.

கொரோனா வந்துபோன அடுத்த வருடம் ஒரு காலை, மீமிசலுக்குக் கிளம்புவதற்கு முன் காரை அவரிடம் காட்டினேன். மூக்கை வைத்தார். வழக்கமாக இரண்டு இழுப்பு, அன்று நாலைந்து. "சுத்தம். கெளம்புங்க." என்னை முகரவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

அறந்தாங்கிப் பக்கம் ரயில்வே கேட்டில் நின்றோம். கண்ணாடியை இறக்கியதும் பின்பக்கமிருந்து காற்று வந்தது. "ஏங்க, கேஸ் நாத்தம்" என்றாள் வசந்தா. இன்ஜினை நிறுத்தி, மகளை இழுத்துக்கொண்டு ஓடினோம். மகளை வசந்தாவிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போய் டேங்க் வால்வை மூடினேன். பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கே திரும்பினேன்.

அங்கே நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"ஊர்ல ஒருத்தனை விட மாட்டீங்க, எல்லாத்தையும் மோந்து பாப்பீங்க. எம்புள்ள போற வண்டியில கேஸு கசியுறது தெரியலையா? மூக்கு போச்சுன்னா கடைய மூடிட்டுப் போங்க!"

அவர் உள்ளே போய் ஒரு மக்கில் சோப்பைக் கரைத்து எடுத்து வந்தார். அவர் கையில் அதைப் பார்த்ததும் எல்லோரும் காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பெட்டியைக் கழற்றி, வால்வைத் திறந்து, நுரையைத் தடவினார். எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழி எழுந்தது. வால்வை மூடிவிட்டுக் குந்தியபடியே இருந்தார்.

"காச்சல் வந்ததுலேருந்து ஒண்ணும் தெரியலை தம்பி" என்றார். "இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன். சோத்து மணம்கூடத் தெரியலை."

"அப்ப சோப்புப் போட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

அவர் அங்கே நின்றவர்களைப் பார்த்தார். அதுதான் பதில். இத்தனை வருடம் சோப்பு நுரையைக் கிண்டல் செய்த வாய், கடைசியில் என் மகளின் உயிரைப் பணயம் வைத்திருந்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் வசந்தா, காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "கசிஞ்சதெல்லாம் இந்த ஓட்டை வழியாத்தான் வெளிய போயிருக்குங்க" என்றாள். "இது இல்லேன்னா உள்ளயே தங்கியிருக்கும்." மறுநாள் அவரிடம் போய் இதைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நான் சரி, அவர் தப்பு என்பது எனக்கு அப்போது அவ்வளவு ருசியாக இருந்தது.

ஒரே வாரத்தில் கொட்டகைக்கு வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். என் வாயும் சும்மா இருக்கவில்லை, தாலுகா ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். அவர் வேறொரு காரியம் செய்தார். தான் கேஸ் மாட்டிய கார்களையெல்லாம் தேடி, டி.வி.எஸ். வண்டியில் ஒரு வாளியையும் சோப்பையும் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "தப்பா ஒண்ணும் நெனைக்காதீங்க, ஒருவாட்டி பாத்துர்றேன்" என்று ஒவ்வொரு இணைப்பாக நுரை தடவினார். சிலர் கேட்டைத் திறக்கவேயில்லை. அந்த மேனேஜர் வாசலிலேயே நிற்க வைத்துச் சிரித்தாராம். எங்கள் வீட்டுக்கும் வந்தார். புது வால்வு மாட்டினார். காபியை மட்டும் வேண்டாம் என்றார். கடைசிக் காரையும் பார்த்து முடித்த பிறகு கொட்டகையைப் பிரித்துவிட்டு, கரூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "வண்டி எப்படி ஓடுது தம்பி?" அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

போன மாதம் காருக்கு எஃப்.சி. கிடைக்கவில்லை. அடிப்பக்கம் முழுக்கத் துரு. பழைய இரும்புக்காரர் வந்து வெட்டி எடுத்துப் போனார். அடுத்த ஞாயிறும் போன் அடித்தது.

"வண்டி எப்படி ஓடுது தம்பி?"

வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓடுதுண்ணே" என்றேன். "நேத்துகூட ஆவுடையார்கோவில் வரைக்கும் போயிட்டு வந்தோம்."