சந்தனம் பூசிய ஐந்து தலைகள்

காலை ஒன்பது பத்து. சிறுவாச்சூர் கோயில் வேப்பமரத்தடியில் முதலில் கண்ணில் பட்டவை சந்தனம் பூசிய ஐந்து மொட்டைத் தலைகள். எங்கள் குடும்பத்தில் வேண்டுதல் என்றால் பெண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மொட்டை. பட்டுப் பாவாடையும் ஒரே துணியில் வெட்டித் தைத்தது.

அந்த ஐந்தில் ஒன்று என் மகள் நிலா. நான்காம் வகுப்பு, ஆஸ்துமா. தினமும் காலையில் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு மீட்டரை ஊதுவாள். முள் பச்சையில் நின்றால் பள்ளிக்கூடம், மஞ்சளுக்கு இறங்கினால் இன்ஹேலர், சிவப்பென்றால் மருந்தை இழுத்துக்கொண்டே ஆஸ்பத்திரி. டாக்டர் இதைச் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு. பொறுப்பை எடுத்துக்கொண்டவன் நான். (அரியலூரில் நிருபர் வேலை. பெயரைச் சரிபார்க்காமல் ஒரு வரி அனுப்பமாட்டேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்வது வழக்கம்.)

பொங்கல் அடுப்புகள் பற்றிக்கொண்டன. காற்று திரும்பி, புகை எங்கள் பக்கம் வந்தது. முதுகுக்குப் பின்னால் இருமல். திரும்பினேன்: சந்தனத் தலை, பச்சைப் பாவாடை. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காரில் ஏற்றினேன்.

"பேசாத. பேசுனா மூச்சு வாங்கும்."

அவள் பேசவில்லை. பெரம்பலூர் வரும்வரை நான் சாலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு மீட்டரை நீட்டினார். "ஊது பாப்பா."

முள் பச்சையின் உச்சிக்குப் போய் நின்றது.

"டெய்லி நான்தாங்க பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்," என்றேன். 

"அப்புறம் எதுக்கு சார் கூட்டியாந்தீங்க?"

குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. "பெரியப்பா, இப்ப பேசலாமா?"

தம்பி மகள் காவ்யா.

நிலாவாக இருந்தால் இடுப்பில் மீட்டரும் இன்ஹேலரும் வைத்த மருந்துப் பை இருந்திருக்கும். இந்த இடுப்பில் எதுவும் இல்லை. புகைக்குள் என் மகளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்ததும், மூச்சு வாங்கியது எனக்குத்தான். கோயிலுக்காகச் சத்தத்தை அணைத்து வைத்த போனை எடுத்து மனைவியை அழைத்தேன்.

"புள்ளயக் காணும்னு உங்க தம்பி பொண்டாட்டி இங்க ஊரையே கூட்டிட்டா. அங்கயா இருக்கு?"

"இங்கதான். நிலாவுக்கு எப்புடி இருக்கு?"

"நீங்களே கேளுங்க."

"புகை வந்துச்சுப்பா," என்றாள் நிலா. "மண்டபத்துப் பக்கம் வந்துட்டேன். ஊதிப் பாத்தேன், மஞ்சள். டாக்டர் சொன்ன மாதிரி மருந்து இழுத்தேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்து திரும்ப ஊதுனேன். பச்சைக்கு வந்துருச்சு. அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"ஐயோ, உங்களுக்கு என்னாச்சு?"

நிலா சொன்னதில் என்ன நடந்தது, என்ன செய்தாள், இப்போது நிலைமை என்ன எல்லாம் இருந்தன; ஒரு சொல் கூடுதல் இல்லை. அப்படி ஒரு செய்தியை நான் இதுவரை எழுதியதில்லை. அதை நர்ஸிடமும் சொன்னேன், காத்திருந்த நோயாளிகளிடமும் சொன்னேன். (கேட்காதவர்களிடமும்தான்.)

இப்போதும் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் தம்பி கார் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "அண்ணே, ஏத்துனது யாருன்னு பேரு கேட்டுக்க." காவ்யா பின்சீட்டிலிருந்து கையைத் தூக்கி, "பெரியப்பா, பேசலாமா?" என்பாள்.

நிலா இப்போது ஏழாம் வகுப்பு. மருந்துப் பை அவள் இடுப்பில் இருக்கிறது. கார் சாவி என் மனைவியிடம் இருக்கிறது.