பிறவுணிக்கு எதை எறிவது

யேசு மரி சூசை துணை

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
பங்குனி, 1999

அன்பு மருமகன் மெல்ரொன் அறிய மாமா மத்தேயு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையாலும் உமது மாமி ஜோசப்பினின் மீன்குழம்பாலும் நாங்கள் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம். நீரும் அந்தக் கனடாப் பனிக்குள் காதும் மூக்கும் விறைத்துப் போகாமல் சுகமாயிருக்க மாலைச் செபத்தில் உம்மைத் தவறாமல் நினைக்கிறோம்.

உமது கடிதம் கொழும்பு, வவுனியா எல்லாம் சுற்றி ஒருவாறு வந்து சேர்ந்தது. நாய் பழக்கும் புத்தகத்திலிருந்து நீர் கிழித்து அனுப்பிய பக்கமும் உள்ளே இருந்தது. வழியில் யாரோ கடிதத்தை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். டம்பெல் என்று போட்டிருந்த படத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. படத்தைப் பார்த்தபோது எனக்கும் அதே கேள்விதான் வந்தது.

நீர் வெளிக்கிட்ட அன்று கயிற்றோடு என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போன உமது நாய் பிறவுணி இப்போது கன்றுக்குட்டியளவு வளர்ந்துவிட்டான். தின்பதும் அப்படித்தான். எனக்கோ முழங்கால் மடங்குவதில்லை. களப்பில் வலை போட்டால் காற்றுக்கு வலையைத் தாங்கும் மிதப்பு அறுந்து போய்விடுகிறது, முன்னைப்போல நீந்திப் போய்ப் பிடிக்க முடியவில்லை. "சும்மா திண்டுபோட்டுக் கிடக்கிற நாய் போய் எடுத்துக்கொண்டு வரட்டுமன்" என்று மாமி சொன்னா. அதை நான் உமக்கு எழுத, நீர் அதற்கென்று தனிச் சாமான்கள் இருக்கின்றன, கண்டதையும் எறியக்கூடாது, தெரிந்தெடுத்துத்தான் எறியவேண்டும் என்று பதில் போட்டீர். அந்தக் கடிதத்தை வாசித்துக் கேட்டுவிட்டு மாமி ஒரு தவணையும் வைத்துவிட்டா. உயிர்த்த ஞாயிறுக்குள் நாய் வேலை பழகாவிட்டால், கருவாடு வாங்க வருகிற மல்லாவிப் பொன்னையாவோடு அனுப்பிவிடுவது என்று. பொன்னையாவின் கச்சான் கடலைத் தோட்டத்துக்குள் பன்றி இறங்குகிறதாம், அவருக்கு ஒரு நாய் தேவை.

முதலில் டம்பெல். தச்சுவேலைப் பாலனிடம் உமது படத்தைக் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன அண்ணை, உலக்கை போட்ட குட்டியோ?" என்று கேட்டான். நாய் கவ்வுகிற சாமான் என்றேன். எதற்கும் உறுதியாய் இருக்கட்டும் என்று பாலை மரத்தில் கடைந்து தந்தான். தூக்கும்போதே எனக்குத் தோள் இழுத்தது. களப்புக்குக் கொண்டுபோய் எறிந்தேன். பிறவுணி பார்த்துக்கொண்டிருந்தான். டம்பெல் தண்ணீரில் விழுந்தது, அதற்குப் பிறகு அதைக் காணவில்லை. பிறவுணி என்னைப் பார்த்தான். பாலன் மினக்கெட்டுச் செய்த சாமானை விட்டுவிட்டு வர மனமில்லாமல், சாரத்தை மடித்துக் கட்டி, நொந்த காலோடு இறங்கி, சேற்றுக்குள் தடவி எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். பிறவுணி வாலை ஆட்டினான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்து மறுபடி எறிந்தேன். மறுபடியும் நானே போய் எடுத்தேன். பக்கத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த சிவராசா இதெல்லாம் முடியுமட்டும் பார்த்துவிட்டு, "மத்தேயு அண்ணை, நாய் உங்களை நல்லாய்ப் பழக்கிப்போட்டுது" என்றார்.

அடுத்தது கான்வஸ் துணியில் தைத்த பொம்மை. இங்கே கான்வஸ் இருந்தால் அது இடம்பெயர்ந்து வந்த யாரோ ஒருவரின் கூரையில்தான் இருக்கும். ஆகவே உரப்பையை வெட்டி, உள்ளே தும்பு அடைத்து, கோணி ஊசியால் தைத்தேன். நாய்க்குப் பிடித்த மணம் இருக்கவேண்டும் என்று நீர் எழுதியிருந்தீர் அல்லவா, அதனால் கருவாட்டுத் தூளையும் சேர்த்துவிட்டேன். அதுதான் பிழையாய்ப் போயிற்று. எறிந்தவுடன் பிறவுணி பாய்ந்து கவ்வினான், ஆனால் திரும்பி வரவில்லை. கரையில் படுத்துப் பொம்மையைப் பிரித்து, கருவாட்டைத் தின்று, தும்பையும் பாதி தின்று, இரண்டு நாள் வயிற்றுக்குத்தோடு கிடந்தான். மாமிதான் ஓமத்தண்ணீர் பருக்கினா. பருக்கும்போதும் அவனை ஏசிக்கொண்டுதான் இருந்தா.

பிறகு விசில். விசில் ஊதினால் நாய் திரும்பி வரும் என்பது உமது புத்தகம். பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டரிடம் இரவல் வாங்கி, ஒரு காலை முற்றத்தில் நின்று முழு மூச்சாய் ஊதினேன். பிறவுணி வரவில்லை. பக்கத்து வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேசமலர் அக்கா குண்டு வருகிறதென்று நினைத்து, துணியை விட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கர்க் குழிக்குள் இறங்கிவிட்டா. அதைக் கண்டு அடுத்த வளவும் இறங்கியது. நான் வேலியோரம் போய், "அக்கா, ஒண்டுமில்லை, மேலை வாங்கோ. நாய்க்கு ஊதினனான்" என்றேன். அக்கா உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தா. பிறகு, "மத்தேயு, நாய்க்கு ஊதிறதெண்டால் நாய்க்கு மட்டும் கேக்கிற மாதிரி ஊதும்" என்றா. அன்றே விசிலை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விசயம் கண்ணில் பட்டது. இந்தத் தட்டுப்பாட்டில் நாங்கள் மிதப்புகளைப் பழைய ரப்பர் செருப்பில்தானே வெட்டிக் கட்டுகிறோம். அப்படியென்றால் டம்பெல்லும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம், செருப்பையே எறிந்தால் போகிறது. என் பழைய செருப்பை எறிந்தேன். அது மிதந்தது. பிறவுணி நீந்திப் போய்ப் பூப்போலக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தான். மருமகன், அந்த நேரத்துச் சந்தோசத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவா பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனா, ஆனால் அன்று மத்தியானம் அவனுடைய சோற்றுக்குள் ஒரு முழு மீன் கிடந்தது. அந்தக் கிழமை அறுந்து போன மிதப்பு ஒவ்வொன்றையும் அவனே கொண்டுவந்து சேர்த்தான். சிவராசாவே தன் மிதப்புக்கும் அவனை இரவல் கேட்டார்.

ஆனால் எது மிதப்பு, எது காலில் போடுகிற செருப்பு என்று நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை. எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். முடித்து வெளியே வந்து பார்த்தால் ஆளுக்கு ஒற்றைச் செருப்புத்தான் மிச்சம். சோடியாக எடுத்தால் வாய்க்குள் அடங்காது என்று நினைத்தானோ தெரியாது. மணலோ கொதிக்கிறது. கெந்திக் கெந்தி எல்லோரும் தேடினார்கள். நான் தேடவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் பங்குச் சனம் முழுக்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. வாசற்படியில் செருப்புக் குவியல், பக்கத்தில் பிறவுணி நாக்கைத் தொங்கப்போட்டபடி என் பாராட்டுக்குக் காத்திருக்கிறான். நேசமலர் அக்கா தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, "சிலுவைப்பாதையில பதினாலு தலமெண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்" என்றா. பங்குச் சுவாமியார் கடைசியாக வந்து தன்னுடையதை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சிலுவையில தொங்கின நல்ல கள்ளனை ஆண்டவர் மன்னிச்சவர். ஆனால் அவன் எடுத்த சாமானைத் திருப்பிக் குடுத்தவனோ எண்டு வேதத்தில இல்லை. இவன் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போனார்.

மாமிக்கு அது சிரிப்பாய்ப் படவில்லை. சனம் போனபிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிக் கோயில்படி மிதிக்கேலாமல் பண்ணிப்போட்டியள். நீங்களும் உங்கட நாயும். பொன்னையா வரட்டும்" என்றா. மறுத்துப் பேச எனக்கு என்ன முகம் இருக்கிறது? ஆகவே மருமகன், மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். பொன்னையா நாளைக்கு வருகிறார். பிறவுணி மல்லாவிக்குப் போகிறான். இது முடிந்த முடிவு. பொன்னையா நல்ல மனிசன், அடிக்கமாட்டார். நீர் கவலைப்படவேண்டாம், என்னையும் கோபிக்கவேண்டாம். நான்தான் அவனுக்குப் பிழையான சாமானைத் தெரிந்தெடுத்தேன். நாயில் ஒரு பிழையும் இல்லை.

அந்நிய ஊரில் தனித்திருக்கும் உமக்கு நல்ல முதலாளியும் நேரத்துக்குச் சாப்பாடும் கிடைக்க மாதாவை மன்றாடுகிறோம். பாதையில் சறுக்காமல் நடவும். நேசமலர் அக்காவும் சிவராசாவும் உம்மை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உமது மாமா,
மத்தேயு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பொன்னையா சங்கிலியோடு வந்துவிட்டார். ஆனால் பிறவுணியைக் காணவில்லை. களப்புக் கரை, கோயில் வளவு, வள்ளங்களின் அடி எல்லாம் நானும் அவரும் தேடினோம். மாமி வேலியடியில் நின்று எங்கள் எல்லோரையும்விடப் பலமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. பொன்னையா தேடிக் களைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, கருவாட்டை மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் தெரு முடக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற மாமி, வந்து அடுப்படிக் குசினிக் கதவைத் திறந்தா. உள்ளே பிறவுணி கயிற்றில் கட்டுண்டபடி மீன்தலை தின்றுகொண்டிருந்தான். கடுதாசித் தட்டுப்பாட்டால் நான் வேறு கடிதம் எழுத முடியாது, மேலே உள்ள முடிந்த முடிவை நீரே வெட்டிவிட்டு வாசியும். ஏன் இப்படிச் செய்தனீர் என்று மாமியைக் கேட்டேன். அவா என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "நாங்கள் எல்லாரும் இடம்பெயர்ந்தது போதும். நாயெண்டாலும் ஒரு இடத்தில கிடக்கட்டும்" என்றா.