பழசுக்கு என்ன குறைச்சல்?

இருவருக்கும் பொது என்று சொல்லி அந்த வீட்டுக்குள் எது வந்தாலும், கொஞ்ச நாளில் அது மனைவியுடையதாகிவிடும். சோபா அப்படித்தான் வந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். இப்போது அதில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், மனைவியின் கைப்பை உட்கார்ந்திருக்கிறது, மனைவி படம் வரையும் அட்டை உட்கார்ந்திருக்கிறது. கணக்கு சரியாகிவிட்டது. கணவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. டிவி ரிமோட்டும் பொது. கட்டிலில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள பாதியும் பொது. பொது என்றால் என்ன பொருள் என்பதைக் கல்யாணமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவேதான் அந்தக் கணவர் ஒருநாள் காலை, வாயில் பற்பசை நுரையோடு, ஒரு சபதம் செய்தார். வாங்கப்போகும் புது டேப்லெட் பொதுவாக வராது. எனக்கு வரும். எனக்கு மட்டும்.

தெரிந்தவர்கள் அவரை டொக்கு சார் என்பார்கள். மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து, எந்த நசுங்கல் இந்த விபத்தில் வந்தது, எது முன்னாலேயே இருந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச். அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி, "இது பழைய டொக்கு" என்பார். கார்க்காரரின் முகம் காரைவிட மோசமாக நசுங்கும். பழைய பொருள் விஷயத்தில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தர் பிறந்து வரணும் என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. அந்த ஒருத்தர் ஏற்கெனவே பிறந்து, வளர்ந்து, அவரையே கல்யாணமும் செய்துகொண்டிருந்தது அவர் மண்டையில் ஏறவில்லை.

மனைவிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் வேலை. பல்லைப் பிடுங்க வேண்டும் என்றதும் வாசல் பக்கம் நழுவப் பார்ப்பவர்களை, "உட்காருங்க. ஒண்ணுமில்ல. டாக்டர் சும்மா பார்ப்பாரு" என்று பஞ்சு மாதிரிக் குரலில் சொல்லி உட்கார வைப்பாள். அவர்கள் விழித்துக்கொள்ளும்போது பல் தட்டில் இருக்கும். இப்படிப்பட்ட பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறவர் கொஞ்சம் உஷாராக இருந்திருக்க வேண்டும். டொக்கு சார் அப்படி இருக்கவில்லை.

சில வாரங்களுக்கு முன் அந்த ஆஸ்பத்திரியில் சாமான்களை எல்லாம் மாற்றினார்கள். பழசை ஊழியர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்களாம். தன் பங்குக்கு என்ன வந்தது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஃபோனில் செஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் ஒரு குதிரை சிக்கலில் இருந்தது. "ம்" என்றார். அவள் மிச்சத்தையும் சொன்னாள். "ம்" என்றார். குதிரையைக் காப்பாற்ற முடியவில்லை.

செஸ்தான் அவருடைய பிரச்சினை. சின்ன ஃபோன் திரையில் அவர் கண்ணுக்கு ராஜாவும் சிப்பாயும் ஒரே உயரமாகத் தெரிந்தார்கள். அவளுடைய பிரச்சினை ஓவியம். வீடியோ வகுப்பில் படம் வரையக் கற்றுக்கொள்கிறாள். திரையிலேயே வரையும் வசதி வேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து புது டேப்லெட்டுக்குப் பணம் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்சம்தான் குறை. அது நிறைந்ததும் டேப்லெட் வரும், பொதுவாக வரும், நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அவர் எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

இதற்குக் கண்டுபிடித்த வழியை நினைத்து அவருக்கே மெய்சிலிர்த்தது. தன் ஓவர்டைம் காசில் ஒரு பழைய டேப்லெட் வாங்கி அவளுக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவது. அப்புறம் சேர்த்த பணத்தில் வரும் புதுசு யாருக்கு? கையில் ஏற்கெனவே ஒன்று இருப்பவளுக்கா, ஒன்றுமே இல்லாத அப்பாவிக்கா? எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் தீர்ப்பு அவர் பக்கம்தான்.

ஆனால் பழசும் வாங்கத் தகுந்ததுதான் என்று அவளை நம்பவைக்க வேண்டுமே. அதற்கும் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. முரட்டுக் கார்க்காரர்களைச் சந்திக்கும் நாட்களில், என்ன கேட்பார்கள், என்ன சொல்லலாம் என்று குளிக்கும்போதே இரண்டு குரலிலும் ஒத்திகை பார்த்துவிடுவார். அன்றும் பார்த்தார்.

"பழசு ஸ்லோவா இருக்காதாங்க?" என்று கீச்சுக்குரலில் கேட்டார். "உனக்கென்ன அவசரம், ரயிலையா பிடிக்கப் போறே?" என்று கட்டைக்குரலில் பதில் சொன்னார். பதில் பிரமாதமாக இருந்ததால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மறுபடியும் சொன்னார். புதுசு யார் கைக்கு வரவேண்டும் என்பதையும் பாட்டாகவே பாடினார்.

அந்த வீட்டில் குளியலறை ஜன்னலும் சமையலறை ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி, சரியாகக் கேட்கவில்லை என்று குழாயை மூடினாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டொக்கு சார் சோப்பு போட்டுக்கொண்டே கெட்டார்.

அன்று அவள் வேலைக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினாள். வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டு. நல்ல மூடில் இருக்கிறாள், காரியம் சுலபமாக முடியும் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

மாலையில் தெருமுனை ஃபோன் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரவேற்றார்.

"வாங்க சார். உங்களுக்குன்னே ஒரு டேப்லெட் வந்திருக்கு."

"எப்ப வந்துச்சு?"

"காலையிலதான். இன்னும் யார் கண்ணுலயும் படல."

"யாரோடது?"

"நல்ல இடத்துல இருந்து வந்தது சார். பேரு மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"பாவம், வீட்டுல என்ன கஷ்டமோ" என்று டொக்கு சார் இரக்கப்பட்டார். கஷ்டப்பட்டவர்கள் பொருள் மலிவாகக் கிடைக்கும் என்றும் அந்த இரக்கத்தோடு சேர்த்தே நினைத்துக்கொண்டார்.

டார்ச் வெளியே வந்தது. கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த மூலையில ஒரு டொக்கு. கட்டில்லேருந்து விழுந்தா இப்படி ஆகாது. உயரமான கவுண்டர்லேருந்து விழுந்திருக்கு."

"அப்படியா சார்!"

"ஸ்க்ரீன் நடுவுல தேய்மானம் பாருங்க. ஒருத்தர் விரல் இல்ல. ஏகப்பட்ட பேர் தொட்டிருக்காங்க. பெரிய குடும்பம்."

"எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க!"

"அனுபவம்பா." பின்பக்கம் திருப்பினார். பாதி கிழிந்த ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாக ஒரு குண்டு உடம்பு, கீழே இரண்டு கால். "யானை பொம்மை. சின்னக் குழந்தைங்க இருக்கிற வீடு."

கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. "சார்ஜ் போட்டு ஆன் பண்ணிப் பார்த்துடலாமா சார்?"

இங்கேதான் நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டொக்கு சார் பார்க்கும் வண்டிகள் எல்லாம் கயிறு கட்டி இழுத்து வரப்படுபவை. உடம்பை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். எதையும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அதெல்லாம் வேணாம். உள்ளே எதையாவது நோண்டினீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல சார். வந்தது வந்தபடியே இருக்கு. ஒரிஜினல் கண்டிஷன்."

கார்த் தொழிலில் இருப்பவர்களிடம் இந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். டொக்கு சார் ஓவர்டைம் காசைக் கொடுத்தார். பேரம் பேசினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிதாகக் குறையவில்லை.

டேப்லெட்டைக் கார் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு நல்ல நேரத்துக்குக் காத்திருந்தார். விடுமுறை நாளில் அது வந்தது. மனைவி சோபாவில் உட்கார்ந்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். மச்சான் காதிலும் விழட்டும், பெருமைக்குப் பெருமை, சாட்சிக்குச் சாட்சி என்று டொக்கு சார் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு போய் நின்றார்.

"உனக்கு ஒண்ணு வாங்கியிருக்கேன்."

"எனக்கா? என்னங்க திடீர்னு? ஐயோ, டேப்லெட்டா! அண்ணா, உங்க மாப்பிள்ளை எனக்கு டேப்லெட் வாங்கிட்டு வந்திருக்காரு!"

"பேஷ் மாப்பிள்ளை!" என்றது ஃபோன்.

"புதுசாங்க?"

"பழசு."

"பழசா?" அவள் முகம் வாடியது. அளவாக வாடியது.

"பழசுக்கு என்ன குறைச்சல்?"

"ஸ்லோவா இருக்காதாங்க?"

டொக்கு சார் உள்ளுக்குள் துள்ளினார். ஒத்திகையில் வந்த அதே கேள்வி! "உனக்கென்ன அவசரம், ரயிலையா பிடிக்கப் போறே?"

"பேட்டரி நிக்குமா?"

"நிக்கலைன்னா வயர்ல சொருகி வெச்சுக்கோ. ஃபிரிட்ஜை நாம கையில தூக்கிட்டா திரியறோம்?"

"பழசுக்கு அப்டேட் வராதாமே?"

"அதானே நிம்மதி! நான் அப்டேட் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு? என்னை வெச்சுக்கிட்டு நீ குடும்பம் நடத்தலையா?"

"அதென்னவோ வாஸ்தவம்" என்றாள் அவள், தேவைக்கு மேல் வேகமாக.

கேள்விகள் எல்லாம் ஒத்திகையின் வரிசையிலேயே வந்தன. வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். டொக்கு சாருக்கு, இவளை நான் எவ்வளவு துல்லியமாகப் புரிந்துவைத்திருக்கிறேன் என்று நெஞ்சு விம்மியது.

"அப்ப புதுசே வேண்டாங்கறீங்களா மாப்பிள்ளை?" என்றது ஃபோன்.

"மச்சான், விஷயம் தெரிஞ்சவன் பழசுதான் வாங்குவான். புதுசு வாங்கறதெல்லாம் விவரமில்லாதவங்க வேலை."

"அண்ணா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"நல்லாக் கேட்டுச்சும்மா. உங்க அண்ணியும் பக்கத்துலதான் இருக்கா."

மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு நல்ல பொருளை நான் எப்படிங்க வாங்கிக்கறது? விஷயம் தெரிஞ்சவர் நீங்க. நீங்களே வெச்சுக்கங்க."

"இல்ல இல்ல, இது உனக்கு…"

"எனக்கு விவரம் பத்தாதுங்க. அதனாலதான் விவரமில்லாதவங்க வாங்கறதை நான் வாங்கிட்டேன்."

சோபாவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்த படம் வரையும் அட்டையைத் தூக்கினாள். அதற்கடியில் பளபளவென்று ஒரு புது டேப்லெட். திரையில் பாதி வரைந்த ஒரு படம்: ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு மனிதர் எதையோ எட்டிப் பார்க்கிறார். மூக்கு அப்படியே டொக்கு சாருடையது.

அவர் பழசையும் புதுசையும் மாறி மாறிப் பார்த்தார். "பணம்… பணம் இன்னும் குறைஞ்சுதே?"

"உட்காருங்க. ஒண்ணுமில்ல" என்றாள் அவள், பஞ்சு மாதிரிக் குரலில். அவரும் உட்கார்ந்தார். "கொஞ்சம் குறைஞ்சுதுதான். வீட்டுல ஒரு பழைய பொருள் சும்மா கிடந்துச்சு. அதை வித்தேன்."

"என்ன பொருள்? எங்கிட்ட சொல்லவேயில்லையே?"

"சொன்னேனே. ரெண்டு தடவை 'ம்'னீங்களே."

"யார் வாங்கினது?"

"யாரோ பழசோட அருமை தெரிஞ்சவராம்."

"எந்த ஏமாளியோ" என்று டொக்கு சார் முணுமுணுத்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க, பாவம்" என்றது ஃபோன். மச்சானின் குரலுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

போகட்டும். புதுசு போனால் என்ன? பழசு என்றாலும் இது எனக்கே எனக்கு. ராஜா ராஜா உயரத்தில் தெரிவார். இப்படி மனதைத் தேற்றிக்கொண்டு அவர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சார்ஜர் வயரைச் சொருகி, முதல்முறையாகப் பட்டனை அழுத்தினார். திரை மெதுவாக வெளுத்தது. அதில் அவருடைய யானை வந்து நின்றது. முழு உருவத்தில் பார்த்தபோது அது யானை இல்லை. இரண்டு வேர்களோடு, ஈயென்று சிரித்துக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்:

"வணக்கம்! உங்களுக்கு எந்தப் பல் வலிக்கிறது? படத்தில் தொட்டுக் காட்டவும்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றி டொக்கு சார் கேள்விப்பட்டிருக்கிறார். சூனியம் இப்படிப் பல்லைக் காட்டும் என்பது அவருக்குத் தெரியாது. கவுண்டர், பல பேர் விரல், மூலை டொக்கு என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. யானையைத் தவிர எல்லாவற்றையும் கிட்டத்தட்டச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். அதை நினைத்தபோதுதான் வயிறு ரொம்ப எரிந்தது.

மனைவி தலையைத் தூக்கவில்லை. மூக்குக்கு நிழல் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏதாவது ஒரு பல்லைத் தொடுங்க. இல்லேன்னா உள்ளே விடாது."

அன்றிலிருந்து டொக்கு சார் செஸ் பார்க்க உட்காரும்போதெல்லாம், கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்கிறார்.