சாட்சி இல்லாமல் வந்தவர்

ஒரு காட்டில் வேதாகமம் ஒன்று இருந்தது. கடவுள் சொன்னதெல்லாம் அடங்கிய அதைக் கறையான் தின்றுவிட்டது. கறையானைத் திட்டிப் பயனில்லை. வேதத்தைக் கடைசிப் பக்கம்வரை விடாமல் பார்த்த ஒரே ஜீவன் அதுதான்.

புதிதாக எழுதும் வேலை முள்ளம்பன்றி ஞானாதிக்கத்திடம் வந்தது. எழுதுகோல் முதுகிலேயே இருந்ததுதான் அவருடைய தகுதி. கடவுள் பேசக் கேட்டவர்கள் வரிசையில் வந்து, விண்ணப்பத்தில் இனத்தை எழுதி, காலடித் தடம் பதித்து, இரண்டு சாட்சிகளைக் காட்ட வேண்டும். சட்டத்தில் அவர் படு கறார்.

வரிசையில் நிற்காமல் முதலில் புலியார் வந்தார். "ஓடைக்கரை மான்களை ஒண்ணு விடாம அழிக்கச் சொன்னாரு. எழுதும்."

"எப்பச் சொன்னாருங்க?"

"போன வாரம் வேட்டை முடிஞ்சு படுத்திருந்தேன். அப்ப."

"சாட்சி?"

புலியார் கொட்டாவி விட்டார். பற்கள் எல்லாம் தெரிந்தன. சாட்சிக் கட்டத்தில் இரண்டு பெயர்களை ஞானாதிக்கமே எழுதிக்கொண்டார்.

சங்கதி கேள்விப்பட்டு மான் சவரியம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணே, அந்த வரியை அடிச்சிடுங்க. எம்புள்ள பொறந்து ஒம்பது நாள்தான் ஆகுது."

"எழுதினதை அடிக்கக் கூடாது தாயி. வேணும்னா நீயும் ஒண்ணு சேர்த்துக்க."

இரக்கம், மன்னிப்பு என்று ஏதாவது சொல்வாள் என நினைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புலிக்குட்டி ஒண்ணுகூடக் கண்ணு திறக்கக் கூடாதுன்னு கடவுள் எங்கிட்டச் சொன்னாரு." சாட்சிக்கு மந்தையே வந்து நின்றது.

வரிசையின் கடைசியில் ஒருவர் நின்றார். "ரெண்டும் நான் சொன்னதில்லப்பா. ரெண்டு பேர் குட்டியையும் விட்டுடச் சொல்லத்தான் வந்தேன்."

"இனம்?"

அவர் யோசித்தார். காலை வைத்தார், தடம் விழவில்லை. வந்திருப்பது யாரென்று ஞானாதிக்கத்துக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சட்டம் இருக்கிறதே.

"மன்னிக்கணும் சாமி. அடுத்த வாரம் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் ஓடைக்கரையில் மான்குட்டி இல்லை. புதருக்குள் புலிக்குட்டிகளும் இல்லை. கேட்டவர்களிடம் இரு தரப்பும் வசனத்தைக் காட்டின.

ஞானாதிக்கம் அன்று முழுக்க அழுதார். பிறகு புது வேதத்தில் 'கடவுளின் உருவம்' என்ற கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'முதுகு நிறைய முள்' என்று எழுதி முடித்தார்.

நீதி: கடவுள் நேரில் வந்தால் இரண்டு சாட்சி கேள், புலியிடம் சொல்லி அனுப்பினால் உடனே எழுதிக்கொள்.